மாமா ஒருமுறைதான் கேட்டார்

என் அக்கா சான் ஹோசேக்குப் படிக்கப் போன கதையை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பெருமையோடு சொல்வார்கள். நான் சொன்னால் அது அப்படி வராது. அந்த ஒரு வருடம் முழுவதும் எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. பெருமைப்பட்டவர்கள் பாதியை மறந்துவிட்டார்கள். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என் அம்மாவின் அக்காவுக்கு, அதாவது பெரியம்மாவுக்கு, மகள். என்னைவிட மூன்று மாதம்தான் மூத்தவள். அந்த மூன்று மாதத்துக்காக அவளை நான் ஆயுள் முழுக்க அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு குடும்பமும் அடுத்தடுத்து லண்டனுக்கு வந்து, கிங்ஸ்பரியில் ஒரே வீட்டில் குடியிருந்தோம். மேல்மாடியில் பெரியம்மா குடும்பம், கீழே நாங்கள். வாசற்கதவு ஒன்று. கதவில் கடிதம் விழும் துவாரம் ஒன்று. மாடிப்படியின் அடியில், ஒரு முக்காலியின் மேல், தொலைபேசி ஒன்று. யாருக்கு என்ன வந்தாலும் மற்றவர்களுக்குத் தெரியாமல் போக வழியே இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. நான் கம்ப்யூட்டர் பைத்தியம். அப்பா யாரோ விற்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, முன்னறைத் தொலைக்காட்சியோடு இணைத்துத் தந்திருந்தார். அதற்கென்று தனித் திரை கிடையாது. நான் எழுதும் நிரல்களை ஒலிநாடாவில்தான் சேமிக்க வேண்டும். திரும்ப ஏற்றுவதற்குக் கால்மணி நேரம் பிடிக்கும். ஏற்றி முடியும் நேரம் பார்த்து அம்மா பார்க்கிற தொடர் தொடங்கும். அம்மா சத்தமில்லாமல் வந்து கம்பியைப் பிடுங்கிவிட்டு அன்ரெனாவைச் செருகுவார். அன்றைய வேலை அத்தோடு சரி. அக்காவுக்கு அந்தப் பெட்டியைக் கண்ணில் காட்டக்கூடாது. "உது சூடாகுது, ஒருநாளைக்கு வெடிக்கப்போகுது" என்று தள்ளியே நிற்பாள். கணக்கியல் படித்து ஒரு நல்ல கந்தோரில் அலுவலக மேசையில் உட்கார வேண்டும் என்பதுதான் அவள் விருப்பம்.

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே ஒரு தம்பி. அவர்தான் மாமா. எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முன்னமே அமெரிக்காவுக்குப் போய், சான் ஹோசேயில் ஒரு கம்ப்யூட்டர் கம்பனியில் என்ஜினியராக இருந்தார். எனக்கும் அவருக்கும் கடிதப் போக்குவரத்து உண்டு. ஒரு நிரல் ஏன் ஓடவில்லை என்று நான் இரண்டு வரி எழுதினால், அவர் நாலு பக்கத்தில் படம் கீறிப் பதில் போடுவார். அக்கா அவருக்குப் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவாள். அதிலும் கையெழுத்து மட்டும்தான் அவளுடையது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் ஏ லெவல் கடைசி வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மா குசினியில் றால் உடைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அம்மா கையைக் கழுவிவிட்டு, ஈரக்கையோடு எடுத்தார். நான் முன்னறையில் இருந்தேன். எனக்குக் கேட்டது அம்மாவின் பக்கம் மட்டும்தான்.

"ஓம் தம்பி... சுகமா இருக்கிறம்... ஆர், இவளோ? சீச்சீ, வேண்டாம் தம்பி. உனக்கேன் வீண் கரைச்சல்? உன்ரை மனிசிக்கும் கஷ்டம். இவள் இஞ்சை ஏதும் படிக்கட்டும்... இல்லைத் தம்பி, வேண்டாம். அக்காவின்ரை மோளெல்லே மூத்தவள், அவளைக் கேட்டியே?"

அம்மா பூரித்த முகத்தோடு திரும்பி வந்தார். திரும்பவும் றாலை எடுத்து ஓட்டைக் கழற்றத் தொடங்கினார்.

"மாமா உன்னைத் தன்னோடை வந்து நிண்டு படிக்கட்டாம். தன்ரை வீட்டுக்குக் கிட்டவே நல்ல யூனிவசிற்றி இருக்காம். படிப்புச் செலவையும் தான் பாக்கிறானாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வேண்டாம் எண்டன்."

"என்னத்துக்கு?"

அம்மா என்னை ஒரு விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கேட்ட உடனை ஓம் எண்டு சொல்லுறதே? ஆக்கள் என்ன நினைப்பினம்? அவன் பேந்தும் எடுத்துக் கேப்பான்."

அம்மா சொன்னதில் எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை ஒரு பிழையும் இல்லை. ஒரு வீட்டுக்குப் போகிறோம், தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். "இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்று சொல்ல வேண்டும். குடிக்காவிட்டாலும் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை கேட்டால், "உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்று கொஞ்சம் இறங்கி வர வேண்டும். மூன்றாம் முறை அவர்கள் கேட்கமாட்டார்கள், தேத்தண்ணியே வந்துவிடும். முதல் கேள்வியில் ஓம் என்பவர் காணாததைக் கண்டவர். முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்பவர் கஞ்சர். இந்தச் சட்டத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எனக்கு அது மூச்சு விடத் தெரிந்ததுபோலத் தெரியும். மூத்தவளின் பிள்ளையைக் கேட்டாயா என்று அம்மா சொன்னதும் அதே சட்டத்தில் ஒரு வரிதான். அதற்கு மாமா, "அவளைப் பேந்து பாப்பம், இப்ப இவளை விடுங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும்.

மாமா பத்து வருடத்துக்கு மேலாக அமெரிக்காவில் இருக்கிறார் என்பதை மட்டும் அம்மா கணக்கில் எடுக்கவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வீட்டுக்கு ஓடி வந்தேன். யாராவது தொலைபேசியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் கதைத்தால் எனக்குக் கோபம் வந்தது. அடுத்த ஞாயிறு, அதே நேரம், அது அடித்தது. அம்மா நான்கே எட்டில் போய் எடுத்தார். "ஓம் தம்பி! ... சுகம், சுகம்... ஓம், நிக்கிறா... கூப்பிடுறன்." பிறகு மாடிப்படியைப் பார்த்து, ஒரு மாதிரியான குரலில், "அக்கா! தம்பி உங்களோடை கதைக்க வேணுமாம்" என்றார்.

பெரியம்மா இறங்கி வந்தார். மாமா ஏதோ சொன்னார். பெரியம்மா சொன்னது மூன்றே மூன்று பதில். "ஓம்." சற்றுப் பொறுத்து, "ஓம் தம்பி." கடைசியாக, "அதுக்கென்ன, ஓம்." வைத்துவிட்டார்.

அன்று றால் இல்லை, கத்தரிக்காய். அம்மா அதை வெட்டிய வெட்டில் பலகை நடுங்கியது. "ஒருக்கா எண்டாலும் வேண்டாம் எண்டு சொன்னாவே? பேருக்கெண்டாலும்? வெக்கம் கெட்ட மனிசி!"

அப்பா மெதுவாக, "நீ எடுத்துச் சொல்லன், பிள்ளைக்கு விருப்பமாம் எண்டு" என்றார்.

"வேண்டாம் எண்டு என்ரை வாயாலை சொல்லிப்போட்டு, இனி எந்த முகத்தோடை கேக்கிறது? அதுவும் அக்காவின்ரை பிள்ளைக்குக் குடுத்தாப் பிறகு? ஏலாது."

மாமாவுக்கு நானே ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். நாலு வரி போதும். எழுதவில்லை. அப்போது கேட்டிருந்தால், பெரியவர்கள் விடயத்தில் தலையிடக்கூடாது என்று சொல்லியிருப்பேன். உண்மை அதுவல்ல. கேட்டு வாங்குவது எனக்கும் அவமானமாக இருந்தது. அம்மாவைத் திட்டுவது அதைவிடச் சுகமாக இருந்தது. மாதக்கணக்கில் திட்டினேன்.

பல்கலைக்கழகங்களின் அறிமுகப் புத்தகங்கள் வரத் தொடங்கின. கதவுத் துவாரத்துக்குள் நுழையாத தடித்த உறைகள். தபால்காரர் மணியடித்துக் கொடுப்பார். நாங்கள் கீழ்மாடி என்பதால் கதவு திறப்பது நான். அக்காவின் பெயரைப் பார்த்துவிட்டு, மாடி ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவாள். "நான் ஒருக்கா வாசிச்சிட்டுத் தரட்டே?" என்பேன். "கொண்டு போ" என்பாள். அவளுக்கு அது ஒன்றுமே இல்லை என்பதுதான் என்னை மேலும் எரித்தது.

மூன்று இடங்கள் இருந்தன. ஒன்று இரண்டு வருடக் கல்லூரி. அங்கே தொடங்கிப் பிறகு பெரிய இடத்துக்கு மாறலாம் என்று மாமா எழுதியிருந்தார், புத்திசாலித்தனமான வழி. "ரெண்டு வருசக் கொலிஜ் எண்டால் சனம் என்ன கதைக்கும்?" என்று பெரியம்மா அதை முதல் நாளே தள்ளிவிட்டார். மற்றது நகரத்தின் நடுவில் இருந்தது, மாமா வீட்டு வாசலில் பஸ் ஏறினால் அதன் வாசலில் இறங்கலாம். மூன்றாவது நகரத்தின் விளிம்பில், ஒரு மலையின் அடிவாரத்தில். ஓட்டுக் கூரைக் கட்டடங்கள், நடுவில் ஆரஞ்சுப் பழம் தொங்கும் தோடை மரங்கள். இருபத்தாறாம் பக்கத்தில் கம்ப்யூட்டர் ஆய்வுகூடத்தின் படம். வரிசை வரிசையாகத் திரைகள். ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, தன் வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். சனி ஞாயிறும் திறந்திருக்கும் என்று கீழே போட்டிருந்தது. அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. அவளுடைய செருப்பின் மேல்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்தப் புத்தகத்தை நான் நாலு தடவை மேலே கொடுத்து, நாலு தடவையும் திரும்ப வாங்கி வந்தேன்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு கட்டுரை எழுத வேண்டும், ஏன் இங்கே படிக்க விரும்புகிறீர்கள் என்று. அக்கா படிவங்களைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். "உனக்குத்தானே இங்கிலிஷ் வடிவா வரும். எழுதித் தாவன்."

நகரத்து இடத்துக்குப் பத்து நிமிடத்தில் ஏதோ எழுதிக் கொடுத்தேன். மலையடிக்கும் அப்படி எழுதித் தள்ளியிருக்கலாம், இன்னும் மோசமாக எழுதிக் கெடுத்திருக்கலாம். அந்த யோசனை வராமல் இல்லை. பேனாவை எடுத்தபோது முடியவில்லை. நல்ல மனதால் என்று நினைக்க வேண்டாம், கர்வத்தால். அந்த ஆய்வுகூடத்துக்கு நான் எழுதுவது ஒரு குப்பையாகப் போகக்கூடாது. மூன்று நாள் பள்ளிக்கூட நூலகத்தில் இருந்து எழுதினேன். ஒலிநாடாவிலிருந்து கால்மணி நேரம் நிரல் ஏறுவதையும், ஏறி முடிந்ததும் அம்மா வந்து கம்பியைப் பிடுங்குவதையும், வீட்டில் எல்லோரும் தொடர் பார்க்கும்போது நான் மிச்ச நிரலைத் தாளில் எழுதிவைத்து மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதையும் எழுதினேன். அக்கா வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது நீயெல்லே?"

"அவங்களுக்குத் தெரியவே போகுது?"

அவள் தன் உருண்டை எழுத்தில் அதை அப்படியே பார்த்து எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

அடுத்த வசந்தத்தில் இரண்டு இடத்திலிருந்தும் அனுமதி வந்தது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நகரத்துக் கடிதம் அச்சடித்த ஒரு பக்கம். மலையடிக் கடிதத்தின் கீழே மட்டும் யாரோ நீல மையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். உங்கள் கட்டுரையை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் வாசித்தோம், இங்கே உங்களுக்கென்று ஒரு திரை இருக்கும், அதை யாரும் பிடுங்கமாட்டார்கள் என்று. எனக்கு எழுதிய பதில் அது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, முன்பின் தெரியாத ஒருவர் நான் சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்லியிருக்கிறார். உறையின் மேல் அக்காவின் பெயர். "நல்ல ஆக்கள் போலை கிடக்கு" என்றாள் அக்கா.

நான் கெட்ட காரியம் செய்தது அதற்குப் பிறகுதான்.

எந்த இடம் என்று முடிவு செய்ய ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேல்மாடியில் எல்லோரும் கூடினோம். பெரியப்பா இரண்டு புத்தகத்தையும் என் பக்கம் தள்ளி, "உனக்குத்தான் உதுகள் விளங்கும். எது நல்லது, சொல்லு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா அந்த ஆய்வுகூடத்தில், அந்த நாற்காலியில், காலை மடித்து உட்கார்ந்திருப்பது என் கண்ணில் தெரிந்தது. அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கணக்கியல் படிக்கப் போகிறவள். நகரத்து இடத்துக்கு எத்தனை பேரும் போகட்டும், மலையடிக்கு மட்டும் அவள் போகக்கூடாது. அது என்னுடையது. எனக்குக் கிடைக்காவிட்டாலும் என்னுடையது.

"அந்தப் பக்கம் பூமி நடுக்கம் வாறது" என்றேன். "இது மலையின்ரை அடி. நடுங்கினா மலை சரிஞ்சு கட்டடத்துக்கு மேலை வந்திடும்."

பெரியம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, குண்டுக்குத் தப்பி வந்து மலைக்குக் கீழை சாகிறதே!"

இரண்டு இடமும் ஒரே நிலத்தில்தான் இருந்தன. பஸ்ஸில் முக்கால்மணி நேர இடைவெளி. நடுங்கினால் இரண்டும் ஒன்றாகத்தான் நடுங்கும். இது அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை. அப்பா மட்டும் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கோப்பையைப் பார்த்தார்.

அன்று பின்னேரம் அக்கா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கட்டிலில் இரண்டு கடிதமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மாமா முதல் உன்னைத்தானே கேட்டவர்."

நான் கட்டிலில் கிடந்த கடிதங்களைப் பார்த்தேன்.

"உனக்கு விருப்பம் எண்டால் நீ போ. நான் மாமாட்டைச் சொல்லுறன். நீ இனி அப்ளை பண்ணினாலும் தை மாதத்திலை சேரலாமாம். ஆர் வந்தாலும் தனக்குச் சந்தோசம் எண்டுதான் அவர் சொன்னவர். போறியா?"

ஏழு மாதம் நான் அம்மாவைத் திட்டியிருக்கிறேன். ஒரு சொல் சொல்லத் தெரியாத மனிசி என்று, வந்ததை வாசலில் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பியவர் என்று. இப்போது அதே கேள்வி என் முன்னால். ஓம் என்று சொன்னால் போதும்.

"சீச்சீ" என்றேன். "எனக்கென்னத்துக்கு? நான் இஞ்சை படிக்கிறன். உனக்கேன் வீண் கரைச்சல்?"

அம்மாவின் சொற்கள். ஆள் மட்டும்தான் மாறியிருந்தது. சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவள் இன்னொரு தடவை கேட்பாள். "உண்மையாத்தான் சொல்லுறன், போறியா?" என்பாள். அப்போது நான் கொஞ்சம் தயங்கி, "சரி, உனக்கு மனவருத்தம் இல்லை எண்டால்" என்று சொல்ல வேண்டும். அந்த வசனம் என் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. கீழே யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். அக்கா கட்டில் விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். பிறகு மலையடிக் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"அப்ப சரி" என்றாள். "வா, சாப்பிடுவம்."

அவள் நகரத்து இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஆவணியில் போனாள். ஈஸ்ட் ஹாமுக்குப் போய்ப் பெரியம்மா அவளுக்கு இரண்டு சேலையும் ஒரு தோடும் வாங்கினார். பைகளைத் தூக்க நானும் கூடப் போனேன். ஹீத்ரோ விமான நிலையத்தில் அவள் உள்ளே போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்க முடியாத அழுகை. பெரியம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "பாருங்கோ, கூடப்பிறக்காட்டியும் என்ன பாசம்" என்று எல்லோரிடமும் சொன்னார். நான் திருத்தவில்லை.

நான் லண்டனில் ஒரு பொலிடெக்னிக்கில் சேர்ந்தேன். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அது பெயர்ப் பலகையை மாற்றிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது, கூரை மட்டும் பழையபடி ஒழுகியது. என்றாலும் படித்தேன், நன்றாகவே படித்தேன். லண்டனிலேயே ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. குறைசொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை. அக்காவிடமிருந்து கடிதம் வரும்வரைக்கும் எனக்கும் ஒரு குறையும் தெரியாது. கடிதம் வந்த நாளில் எல்லாமே குறையாகத் தெரியும்.

அங்கே போன இரண்டாம் வருடம் ஒரு கடிதத்தில் அக்கா எழுதினாள். கணக்கியல் அலுத்துவிட்டதாம், கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டாளாம். "நீ என்ன கண்டு இதிலை இப்பிடிப் பைத்தியமா இருந்தனீ எண்டு இப்பதான் விளங்குது" என்று ஒரு வரி. நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பெட்டி வெடிக்கும் என்று தள்ளி நின்றவள்! மாமா கீறி அனுப்பும் படங்களும் அதோடு நின்றுபோயின. பக்கத்தில் ஒருத்தி இருக்கும்போது தூரத்தில் உள்ளவளுக்கு ஏன் கீறுவார்?

இந்தப் பொறாமைக்குள் எனக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. அக்கா நல்லவள், அவள் விட்டுக்கொடுக்கத்தான் பார்த்தாள், நான்தான் மடைச்சி. அவளில் பிழையில்லை, எங்கள் வழக்கத்தில்தான் பிழை. பல வருடம் இதையே எனக்குச் சொல்லிச் சொல்லி என்னைச் சமாளித்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவள் இரண்டு கிழமை லீவில் வந்தாள். பெரியப்பாவும் பெரியம்மாவும் அப்போது இல்ஃபோர்டுக்கு வீடு மாறியிருந்தார்கள். அம்மா அவளை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். றால் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. அம்மா கரண்டியோடு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் போடுறன்."

"ஐயோ, வேண்டாம் சின்னம்மா, காணும்."

"என்ன காணும்? மெலிஞ்சு போனாய். கொஞ்சம்."

"உங்களுக்கேன் கரைச்சல்..."

மூன்றாம் தடவை அம்மா கேட்கவில்லை, போட்டுவிட்டார். அக்கா சிரித்துக்கொண்டு வழித்துச் சாப்பிட்டாள். பத்து வருடத்தை நெருங்கியும் அமெரிக்கா அவளை இந்த விடயத்தில் தொடவில்லை என்று நினைத்தேன். அப்போது அதற்கு மேல் நினைக்கவில்லை.

சாப்பிட்டபின் நான் பாத்திரம் கழுவ, அவள் துடைத்தாள்.

"நான் நாளும் உன்ரை யூனிவசிற்றியைத் தாண்டித்தான் வேலைக்குப் போறனான்" என்றாள்.

"என்ரை யூனிவசிற்றியோ?"

"மலையடி. நடுங்கினா சரிஞ்சு விழும் எண்டனீ." அவள் ஒரு கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இன்னும் விழேல்லை."

எனக்கு முகம் கொதித்தது. இத்தனை வருடமும் தெரிந்துதான் இருந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம். என் குணம் அப்படிப்பட்டதல்ல, பிடிபட்டால் நான் பாய்ந்துவிடுவேன்.

"நீ மட்டும்? அண்டைக்கு ஒருக்காத்தானே கேட்டனீ? இன்னொருக்காக் கேட்டிருக்கலாம்தானே?"

கேட்டுவிட்டுத்தான் பார்த்தேன், அந்தக் கேள்வி எத்தனை வருடமாக எனக்குள் கிடந்திருக்கிறது என்று. அக்கா கோப்பையை மேசையில் வைத்தாள். துடைக்கும் துணியை நாலாக மடித்தாள்.

"கேட்டிருக்கலாம்" என்றாள். "கேட்டா நீ ஓம் எண்டிடுவாய் எண்டு தெரியும். அதாலைதான் கேக்கேல்லை."

நான் குழாயை மூட மறந்து நின்றேன். மாமாவுக்கு எங்கள் வழக்கம் மறந்துபோயிருந்தது. அக்காவுக்கு மறக்கவில்லை. என் "சீச்சீ"யின் அர்த்தம் முழுவதும் தெரிந்துகொண்டுதான் அவள் விரிப்பை நீவினாள், கடிதத்தை மடித்தாள், சாப்பிடக் கூப்பிட்டாள். கேட்காமல் விட்டால் மனம் உறுத்தும், இரண்டு தடவை கேட்டால் கையை விட்டுப் போய்விடும். ஒரு தடவை கேட்டால் இரண்டும் இல்லை. நான் அவளை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு எத்தனை வருடம் என்னையே திட்டியிருக்கிறேன்! கோபம் வந்தது. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிம்மதியும் வந்தது. அவளுக்கும் அது வேண்டியிருந்திருக்கிறது. கட்டிலுக்குக் கீழே தள்ளிய புத்தகங்கள் அவளுக்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கவில்லை. என்னைப்போலவே அவளும் அதற்காகப் பொய்யாக நடந்திருக்கிறாள், என்னைவிடக் கெட்டித்தனமாக.

அம்மா குசினிக்குள் எட்டிப் பார்த்தார். "பிள்ளை, தேத்தண்ணி குடிப்பியே?"

"வேண்டாம் சின்னம்மா, இப்பதானே சாப்பிட்டனான்" என்றாள் அக்கா.

அம்மா இரண்டாம் தடவை கேட்க வாயெடுத்தார்.

"அக்காவுக்கு வேண்டாமாம் அம்மா" என்றேன் நான். எனக்கு மட்டும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டேன்.